நான்கு சதவீதக் காற்றும் எட்டு சதவீதக் காற்றும்

தார் சாலையில் துளை போட்டு எடுத்த ஒரு 'கோர்', அதாவது உருளைத் துண்டு, அதைக் கையில் வைத்துப் பாருங்கள். நூறு மில்லிமீட்டர் விட்டம், இரண்டு விரல் உயரம். அறுபட்ட பக்கத்தில் சாம்பல் நிறக் கற்கள் மொசைக் தரை மாதிரி தெரியும். கற்களுக்கு நடுவே ஊசி முனையிலிருந்து அரிசிக் குருணை வரை சின்னச் சின்னக் குழிகள். லேபில் எல்லோரும் ஏர் வாய்ட்ஸ் என்பார்கள், காற்றிடைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தச் சாலை எத்தனை மழைக்காலம் தாங்கும் என்பதை மற்ற எல்லா அளவுகளையும் விட இந்தக் குழிகளின் மொத்தக் கொள்ளளவுதான் அதிகம் தீர்மானிக்கிறது.

இடைவெளியே இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். மே மாத வெயிலில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். தார் விரிவடையும், லாரிச் சக்கரம் வேறு அழுத்தும். விரியும் தாருக்கு உள்ளே இடமில்லையென்றால் மேலே கசிந்து பளபளக்கும், கலவை பக்கவாட்டில் பிதுங்கிச் சக்கரத்தடம் பள்ளமாகும். இடைவெளி அதிகமானாலோ தண்ணீரும் காற்றும் உள்ளே போகும். தண்ணீர் கல்லிலிருந்து தாரை உரிக்கும், காற்று தாரைக் கெட்டித்து நொறுங்க வைக்கும். அதனால்தான் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு (துறையில் 'மோர்த்' என்றாலே புரியும்) சாலையின் மேலடுக்குத் தார்க் கலவையான பிட்டுமினஸ் கான்கிரீட்டுக்கு 3 முதல் 5 சதவீதம் என்கிறது. நடுவில் 4 என்பது வடிவமைப்பு இலக்கு.

இந்த இலக்கை லேபில் சோதிக்க, சூடான கலவையை இரும்பு அச்சில் (மோல்டில்) போட்டுச் சுத்தியலால் அடித்து இறுக்கி மாதிரி செய்கிறோம். இந்த முறை பிறந்தது சாலைக்காக என்றாலும், வளர்ந்தது விமான ஓடுதளத்துக்காக. அமெரிக்காவின் மிசிசிப்பி நெடுஞ்சாலைத் துறையில் புரூஸ் மார்ஷல் உருவாக்கிய சோதனையை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை விக்ஸ்பர்க் ஆய்வு நிலையத்தில் எடுத்துத் திருத்தியது. குண்டுவீச்சு விமானங்களின் சக்கர எடை ஏறிக்கொண்டே போனதுதான் காரணம். மாதிரியின் ஒரு பக்கத்துக்குச் சுத்தியலால் 50 அடி அடித்தால் போதும் என்றிருந்தது, டயர் அழுத்தம் கூடியபோது 75 ஆனது. இன்று நம் மாநில நெடுஞ்சாலைக்கு மோல்டில் 75 அடி அடிக்கிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

இனி கணக்கு. காற்றிடைவெளியை யாரும் நேரடியாக அளப்பதில்லை. இரண்டு அடர்த்தி எண்களின் (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) வித்தியாசத்திலிருந்து எடுக்கிறோம். ஒன்று, இறுக்கிய மாதிரியின் அடர்த்தி எண். மற்றது, காற்றே இல்லாத கலவையின் அதிகபட்ச அடர்த்தி எண். மார்ஷல் மாதிரி ஒன்று காற்றில் 1231.0 கிராம், தண்ணீருக்குள் 720.6 கிராம், மேற்பரப்பு ஈரத்தை ஒற்றியபின் 1232.6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கொள்ளளவு 512.0 கன சென்டிமீட்டர், அடர்த்தி எண் 2.404. அதிகபட்ச அடர்த்தி எண் 2.504 என்றால் இடைவெளி 4.0 சதவீதம். அதே அதிகபட்ச எண்ணைக் கவனக்குறைவில் 2.484 என்று அளந்துவிட்டால் இடைவெளி 3.2 ஆகிவிடும். இரண்டாம் தசம இடத்தில் இரண்டு தவறியதற்கே முக்கால் சதவீதம் போய்விட்டது. மாணவர் ஆய்வுகளில் இந்த முக்கால் சதவீதத்துக்குள்ளேயே முடிவுகள் தலைகீழாகிவிடும்.

அதிகபட்ச அடர்த்தியை அளக்கும் சோதனைக்கு, அதை உருவாக்கிய ஜேம்ஸ் ரைஸ் பெயரால் ரைஸ் சோதனை என்று பெயர். இறுக்காத கலவையை ஆறவிட்டு, கையால் உதிர்க்க வேண்டும். மெல்லிய துகள் கட்டிகள் 6 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. இது அலுப்பான வேலை, அதனால்தான் பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். உடையாத கட்டிக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். சிக்கிய காற்று கொள்ளளவைக் கூட்டிக் காட்டும், அடர்த்தி எண் இறங்கும், இடைவெளியும் குறைவாகத் தெரியும். உதிர்த்த பிறகு சுமார் ஒன்றரை கிலோவைக் குடுவையில் போட்டு 25 டிகிரி தண்ணீரில் மூழ்கடித்து, வாக்குவம் பம்பை ஓட்டிக் கால் மணி நேரம் குலுக்க வேண்டும். உள்ளே மிஞ்சும் அழுத்தம் 25 முதல் 30 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்க வேண்டும்.

இந்த 'மிஞ்சும்' என்ற சொல்லில்தான் தவறு நடக்கிறது. பம்பில் இருக்கும் சாதாரண கேஜ், வெளிக்காற்றோடு ஒப்பிட்டு எவ்வளவு உறிஞ்சினோம் என்று காட்டுகிறது. சென்னையில் வெளிக்காற்று சுமார் 760, உதகையில் சுமார் 580. ஒரே கேஜ் எண்ணுக்கு இரண்டு ஊரிலும் உள்ளே மிஞ்சுவது வேறு வேறு. மிச்ச அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் மானோமீட்டரைக் குடுவைக்குப் பக்கத்திலேயே பொருத்திவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ரைஸ் சோதனையைச் செய்யாமல், ஜல்லியின் அடர்த்தி எண்களை வைத்துக் கணக்குப் போட்டே அதிகபட்ச எண்ணை எழுதிவிடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. இதை நான் ஏற்கமாட்டேன். கல் கொஞ்சம் தாரை உறிஞ்சும். கல்லின் மேற்பரப்புத் துளைகளையும் கொள்ளளவில் சேர்க்கும் 'மொத்த அடர்த்தி எண்ணை' வைத்துக் கணக்கிட்டால் அந்த உறிஞ்சல் விட்டுப்போகும். விடை உண்மையைவிடக் குறைவாக வரும், இடைவெளியும் குறைவாகத் தெரியும். உறிஞ்ச நேரமும் ஆகும். ஆகவே கலந்த உடனே சோதிக்காமல், இறுக்கும் வெப்பநிலையில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்துப் பிறகு சோதிப்பது நல்லது. ஹாட் மிக்ஸ் பிளான்ட்டிலிருந்து டிப்பரில் கலவை பயணிக்கும் நேரத்துக்கு ஈடு அது.

இறுக்கிய மாதிரியின் எடையில் வேறு விதமான தவறுகள். தண்ணீரிலிருந்து எடுத்ததும் ஈரத்துணியால் சட்டென்று ஒற்ற வேண்டும். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மேற்பரப்புக் குழிகளிலிருந்த தண்ணீரும் வந்துவிடும், கொள்ளளவு குறைந்து மாதிரி நல்ல இறுக்கமாகத் தெரியும். சாலையில் எடுத்த கோரில் இது இன்னும் மோசம். இடைவெளிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் கோரைத் தூக்கியதுமே தண்ணீர் பொலபொலவென்று வடிந்துவிடும். தராசில் வைப்பதற்குள் சாட்சி போய்விடுகிறது. எது மிக மோசமான கோரோ அதுதான் தேர்ச்சி பெற்றுவிடும். உறிஞ்சிய தண்ணீர் கொள்ளளவில் 2 சதவீதத்துக்கு மேல் போனால் இந்த முறையை விட்டுவிட்டு, பாராஃபின் ஃபிலிம் சுற்றியோ வாக்குவம் பையில் அடைத்தோதான் அளக்க வேண்டும். துளையிடும் இயந்திரத்தின் தண்ணீர் கோருக்குள் இருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. 50 டிகிரியை ஒட்டிய ஓவனில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர்த்தாமல் 'உலர் எடை' என்று எழுதினால், அடர்த்தி பொய்யாக ஏறும்.

சுத்தியலைப் பற்றியும் ஒன்று. 4.54 கிலோ, 457 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கீழே இருக்கும் மரப் பீடத்தைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அது உறுதியான கான்கிரீட் தரையில் நட்டு போட்டு நிற்க வேண்டும். டைல்ஸ் தரையில் சும்மா வைத்து அடித்தால் அடியின் சக்தி தரைக்குப் போய்விடும். மாதிரி சரியாக இறுகாது, இடைவெளி 5, 6 என்று காட்டும். அதை 4-க்குக் கொண்டுவர மாணவர் தாரைக் கூட்டுவார். அந்தக் கூடுதல் தாரோடு சாலை போட்டால் இரண்டாவது கோடையிலேயே சக்கரத்தடம் பள்ளமாகும். பீடத்தில் நாலு நட்டு இல்லாததன் விளைவு சாலையில் வந்து நிற்கிறது.

இப்போது சாலைக்கு வருவோம். லேபில் 4 சதவீதம் என்றால் சாலையும் 4 சதவீதத்தில் திறக்கப்படும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரோலர் வேலை முடியும்போது நல்ல சாலையிலேயே 7, 8 சதவீதம் இருக்கும். அதிகபட்ச அடர்த்தியில் 92 சதவீதம் எட்டினால் போதும் என்ற விதி அதைத்தான் சொல்கிறது. மீதியை இரண்டு மூன்று வருட வண்டி ஓட்டம், அதிலும் கோடை வெப்பத்தில் ஓடும் கனரக வண்டிகள், பிசைந்து 4-க்குக் கொண்டுவரும். வடகிழக்குப் பருவமழைக்கு மூன்று வாரம் முன்னால், செப்டம்பர் கடைசியில் அவசரமாகப் போடும் சாலை அந்தப் பிசைதலே கிடைக்காமல், 8-க்கு மேல் இடைவெளியோடு அக்டோபர் மழைக்குள் இறங்குகிறது. தாரும் கல்லும் எவ்வளவு தரமாக இருந்தாலும் இது பாதகமான தொடக்கம். பிப்ரவரியிலிருந்து மே வரை போட்டால், கலவையில் ஒரு மாற்றமும் செய்யாமலே ஆயுள் கூடும்.

எட்டுக்கு மேல் ஏன் அவ்வளவு கெடுதல்? அமெரிக்காவின் ஆரகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெரலும் அவருடைய குழுவினரும் இதற்கு 'பெஸ்ஸிமம்' இடைவெளி என்று ஒரு கருத்து தந்தார்கள்; ஆப்டிமத்துக்கு எதிர்ச்சொல். 8-க்குக் கீழே குழிகள் பெரும்பாலும் தனித்தனியாக அடைபட்டிருக்கும், தண்ணீர் எளிதில் நுழையாது. சுமார் 15-க்கு மேலே போனால் தண்ணீர் நுழைந்தாலும் வடிந்துவிடும். நடுவில் உள்ள பகுதியில் நுழையும், வடியாது. தேங்கிய தண்ணீரைச் சக்கரம் ஒவ்வொரு முறையும் அழுத்த, கல்லுக்கும் தாருக்கும் நடுவே அது பம்ப் போல வேலை செய்யும். நம் கருங்கல் ஜல்லி சிலிக்கா மிகுந்தது, தாரைவிடத் தண்ணீரோடுதான் அதற்கு ஒட்டுதல் அதிகம். சுண்ணாம்புத் தூள் 2 சதவீதம் சேர்ப்பது இந்த உரிதலைத் தடுக்கத்தான். ஈரச் சேதத்தை அளக்கும் இழுவிசை விகிதச் சோதனைக்கு (நனைந்த மாதிரியின் வலிமை, உலர்ந்ததன் வலிமையில் எத்தனை சதவீதம் என்று பார்ப்பது) மாதிரியை 4 சதவீதத்தில் செய்வதும் ஒரு பொதுத் தவறு. 7 சதவீதத்துக்குத்தான் செய்ய வேண்டும். சாலை மழையைச் சந்திக்கும் நிலை அதுதான். 4-இல் செய்தால் தண்ணீர் உள்ளே அதிகம் போகாது, மோசமான கலவையும் 80 சதவீத வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

ரோலர் வேலையில் எதிரி நேரம். விஜி-30 என்ற வகைத் தாரில் செய்த கலவை 140 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் பரப்பப்பட வேண்டும், 90-க்கு இறங்குமுன் உருட்டல் முடிய வேண்டும். 40 மில்லிமீட்டர் அடுக்கு, காற்றடிக்கும் இரவில், இதற்குப் பல நேரம் கால் மணி நேரத்துக்கு மேல் தராது. 25 மில்லிமீட்டர் என்றால் ரோலர் ஓட்டுநர் டீ குடிக்கக்கூட இறங்க முடியாது. ஆறியபின் வைப்ரேஷன் போட்டு அடித்தால் இடைவெளி குறையாது, கல்தான் உடையும்.

மழைக்குப் பிறகு ஒரு சாலையில் நடந்து போகும்போது பள்ளங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். ஏறக்குறைய ஒரே தூரத்தில் திரும்பத் திரும்ப வந்தால் காரணம் டிப்பர். 16 டன் லோடு, 3.5 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் கனம், அடர்த்தி 2.35 என்றால் ஒரு லோடு சுமார் 49 மீட்டர் ஓடும். லோடின் மேற்பரப்பிலும் ஓரங்களிலும் கலவை ஆறி ஓடு கட்டியிருக்கும். பெரிய கற்களும் ஓரத்துக்கு உருண்டு சேரும். இரண்டும் கடைசியில்தான் பேவருக்குள் (கலவையைச் சாலையில் பரப்பும் இயந்திரம்) விழுகின்றன. ஆகவே ஒவ்வொரு 49 மீட்டரிலும் ஆறிப்போன, கல் மிகுந்த, இறுகாத ஒரு திட்டு. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990-களின் பிற்பாதியில் அகச்சிவப்புக் கேமராவை வைத்து இந்தக் குளிர்ந்த திட்டுகளைப் படமெடுத்து, பின்னால் சாலை பெயர்ந்த இடங்கள் அவையே என்று காட்டினார்கள். தார்ப்பாய் லோடின் ஓரம்வரை இழுத்துக் கட்டப்படுகிறதா என்று பார்க்க ஆராய்ச்சிப் பட்டம் தேவையில்லை. பேவர் ஹாப்பரை (டிப்பர் கலவையைக் கொட்டும் தொட்டி) ஒவ்வொரு லோடுக்கும் காலியாக்கி, அதன் இரண்டு பக்கச் சிறகையும் மடித்துக் கொட்டும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். ஹாப்பரில் கொஞ்சம் கலவை மிச்சமிருக்கும்போதே அடுத்த டிப்பர் ரிவர்ஸில் வந்து சேர வேண்டும்.

கோர் எங்கே எடுப்பது என்பதில் நேர்மை வேண்டும். பாதையின் நடுவில் எடுத்தால் எப்போதும் நல்ல எண் வரும். இரண்டு பரப்பல்கள் சேரும் நீளவாட்டு இணைப்பில், முதல் பரப்பலின் ஓரத்துக்குப் பக்கத் தாங்கல் இல்லாததால் ரோலர் அழுத்தும்போது கலவை வெளியே நகரும். இடைவெளி நடுப்பகுதியைவிட 2 சதவீதமாவது கூடுதலாக இருக்கும். இணைப்பிலிருந்து 150 மில்லிமீட்டருக்குள் ஒரு கோராவது எடுக்க வேண்டும். ஆறிய ஓரத்தை 50 மில்லிமீட்டர் செங்குத்தாக வெட்டி நீக்கி, வெட்டிய முகத்தில் சூடான தார் பூசி, பிறகு அடுத்த பாதையைப் பரப்பினால் அந்த எண் இறங்குவதை அடுத்த கோரிலேயே காணலாம்.

கோர் எடுத்த துளையையும் அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். துளையில் நிற்கும் தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, சுவரில் தார் தடவி, சூடான கலவையை இரண்டு அடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கம்பித் தலையால் இடித்து, சாலை மட்டத்துக்கு 3 மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி முடிக்க வேண்டும்.