வெங்காய வதக்கல் கட்டி: நான்காவது தடவையில் பதம் பிடிபட்டது

வெங்காயத்தை மொத்தமாக வதக்கி, ஃப்ரீசரில் கட்டி கட்டியாக உறைய வைக்கும் முறை ஒருவழியாக வந்துவிட்டது! உரித்த வெங்காயம் ஒரு கிலோ, இறக்கும்போது வதக்கல் 350 கிராம், ட்ரேயில் 30 கிராம் வீதம் பதினொரு கட்டி. மிஞ்சிய 20 கிராம் அன்றைய சமையலுக்கே போய்விட்டது. வாரம் நான்கு நாள் சமைக்கிற ஒற்றை ஆளுக்கு இது கிட்டத்தட்ட மூன்று வாரத்துக்குக் காணும். முதல் மூன்று தடவையும் சொதப்பல்தான். முதல் தடவை சொதப்பியதற்குக் காரணம், நிறத்தைப் பார்த்து இறக்கியது.

ஏன் வெங்காயம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒருவருக்குச் சமைத்தாலும் நால்வருக்குச் சமைத்தாலும் பலகை, கத்தி, வாணலி, கழுவல் எல்லாம் ஒன்றுதான். டைமர் வைத்துப் பார்த்ததில், உரித்து நறுக்கி வதக்கி முடிக்கவே 25 நிமிடம் ஆகிறது. அதற்குப் பிறகான சமையல் 10 நிமிடம்தான். அலுப்பு முழுக்க அந்த 25-இல் இருக்கிறது. முழுக் குழம்பாகவே வைத்து டப்பா டப்பாவாக அடுக்கும் முறை தனி ஆளுக்கு ஒத்துவராது. மூன்றாம் நாளே அதே ருசி நாக்குக்குச் சலித்துவிடும், டப்பா ஃப்ரிட்ஜின் பின்வரிசைக்குப் போய்விடும். அதனால்தான் அரைத் தயாரிப்பு: வெங்காயம், எண்ணெய், உப்பு, அவ்வளவே. மசாலா எதுவும் சேர்க்கவே கூடாது. சேர்த்துவிட்டால் பதினொரு கட்டிக்கும் ஒரே ருசிதான்.

இப்போது பதம். வெங்காயத்தில் ஏறக்குறைய 89 விழுக்காடு தண்ணீர். ஒரு கிலோவில் திடப்பொருள் 110 கிராம் வரும். 60 மி.லி. எண்ணெய் சுமார் 55 கிராம், உப்பு 8 கிராம். இவை மூன்றும் சேர்ந்து 173. வதக்கல் 350 கிராமில் நின்றால் அதில் பாதி தண்ணீர், 520-இல் நின்றால் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். முதல் தடவை இறக்கியது அந்த 520-இல். பார்வைக்கு நல்ல பொன்னிறம்தான். உறைந்த பிறகோ வெறும் ஐஸ் கட்டி. வாணலியில் போட்டால் தண்ணீர் விட்டுக்கொண்டு, அது வற்றவே எட்டு நிமிடம். மிச்சப்படுத்திய நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. 350-இல் நிறுத்தினால் தண்ணீர் குறைவு, சர்க்கரையும் உப்பும் எண்ணெயும் அடர்த்தியாகிவிடுவதால் கல்லாக இறுகாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனேயே கத்தியால் அரைக் கட்டியாக வெட்டலாம்.

இரண்டாம் தடவை உப்பைக் கடைசியில் போட்டுப் பார்த்தது. தண்ணீர் விட நேரமாகி, ஓரம் கருகி, நடு வேகவில்லை. உப்பு முதலிலேயே விழ வேண்டும். மூன்றாம் தடவை கால் தேக்கரண்டி சமையல் சோடா. நிறம் பத்து நிமிடம் முன்னதாகவே வந்தது, உண்மைதான். ஆனால் வெங்காயம் கூழாகிவிட்டது, சோடா வாடையும் போகவில்லை. ஒரு கிலோவுக்கு ஒரு சிட்டிகை போதும் என்பார்கள். அந்தச் சிட்டிகையும் இல்லாமலே நன்றாக வருகிறது என்பதால் இனி அது வேண்டாம்.

நான்காவது முறை: 3 மி.மீ. தடிமனில் குறுக்குவாட்டாக அரிந்தது (நெடுக்காக அரிந்தால் இழை இழையாக நிற்கும், குறுக்கே அரிந்தால் சீக்கிரம் குழையும்). சாப்பரில் போட்டு நொறுக்க வேண்டாம். சாறு வெளியேறி, வதங்குவதற்குப் பதில் கொதிக்கும், காரல் நெடியும் கூடும். 30 செ.மீ. அகல அடிகனமான வாணலி, எண்ணெய், வெங்காயம், உப்பு. மூடி போட்டு நடுத்தரத் தீயில் 15 நிமிடம், மூடியை எடுத்துவிட்டுத் தீயைக் கூட்டி 20 நிமிடம், பிறகு தீயைத் தணித்து 12 நிமிடம். இரண்டு கிலோவை ஒரே வாணலியில் திணிக்காதீர்கள். அடுக்கு உயர்ந்தால் ஆவி உள்ளேயே சுற்றும், நேரம் இரட்டிப்பாகும்.

கடைசி 12 நிமிடம்தான் கவனிக்க வேண்டிய இடம். தண்ணீர் தாராளமாக இருக்கும்வரை வாணலியில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வற்ற வற்ற, அடியில் ஒட்டியிருப்பது 140 டிகிரியை எட்டி வேகமாகச் சிவக்கும். 400 கிராமுக்கு வந்த பிறகு கையை எடுக்கவே கூடாது. அடியில் பழுப்புப் படலம் பிடித்தால் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மரக்கரண்டியின் தட்டையான ஓரத்தால் சுரண்டிக் கலக்கிவிட வேண்டும். ருசி முழுக்க அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. 280-க்குக் கீழே போனால் கசப்பு தட்டும்.

எடை பார்ப்பது எப்படி என்பதுதான் அடுத்த சிக்கல். வெறும் வாணலியை முன்கூட்டியே நிறுத்து, அந்த எடையை ஒரு நாடாவில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டியாகிவிட்டது: 1,180 கிராம். ஆக, இலக்கு 1,530. சூடான வாணலியை டிஜிட்டல் தராசில் நேரே வைத்தால் பிளாஸ்டிக் தட்டு இளகிவிடும். அகலமான வாணலி எண் தெரியும் திரையையும் மறைத்துவிடும். தராசின் மேல் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் ஒரு மரப்பலகை வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, அதற்கு மேல் வாணலியை வைத்தால் இரண்டு பிரச்சினையும் தீர்ந்தது. உங்கள் தராசு மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2 கிலோ வரை மட்டுமே காட்டுவது இதற்குப் பத்தாது.

ட்ரே பற்றி ஒரு குமுறல். அட்டையில் ‘30 மி.லி.’ என்று அச்சடித்து விற்ற சிலிக்கோன் ட்ரேயில் தண்ணீர் ஊற்றி அளந்தால் குழிக்கு 22 மி.லி.தான். வாங்கியதும் அளந்து பாருங்கள், கணக்கே அதை வைத்துத்தான். இப்போது இருப்பது உண்மையிலேயே 30 பிடிக்கும், மூடியோடு வந்தது. சிலிக்கோன் வாடையை இழுத்துக்கொள்ளும் என்பதால் இந்த ட்ரேயை வெங்காயத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுவது நல்லது. தூக்கும்போது வளைந்து கொட்டாமலிருக்க அடியில் ஒரு தட்டு வேண்டும்.

வதக்கலை அகலத் தட்டில் மெல்லிசாகப் பரப்பினால் 20 நிமிடத்தில் ஆறிவிடும். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரீசருக்குள் போயாக வேண்டும். சூட்டோடு வைத்தால் பக்கத்தில் உறைந்திருப்பவை இளகும். குழிகளில் கரண்டியால் அழுத்தி நிரப்புங்கள், காற்றுப்பை இருந்தால் கட்டி உடையும். இரவு முழுக்க விட்டு, மறுநாள் பிதுக்கி எடுத்து, ஜிப் பையில் காற்றை வெளியேற்றி, பையை ஒரு மூடிய டப்பாவுக்குள் வைத்தாகிவிட்டது. டப்பா இல்லாவிட்டால் ஃப்ரீசர் முழுக்க வெங்காய வாடைதான். மைனஸ் 18 டிகிரியில் கெட்டுப்போகாது, ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். தேதி எழுதிய நாடாவை உறைவதற்கு முன்பே ஒட்டுங்கள், குளிர்ந்த பையில் ஒட்டாது.

பயன்படுத்தும்போது சூடான எண்ணெயில் போடவே கூடாது, வெடித்துத் தெறிக்கும். குளிர்ந்த வாணலியில் கட்டி, ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், மூடி, நடுத்தரத் தீ: இரண்டே நிமிடத்தில் இளகிவிடும். அதன் மேல் இரண்டு முட்டை உடைத்து ஊற்றினால் மொத்தம் ஐந்து நிமிடம். வேகவைத்த கொண்டைக்கடலை 150 கிராம், 100 மி.லி. தண்ணீர், பிடித்த மசாலா ஒரு தேக்கரண்டி என்றால் எட்டு நிமிடம். கத்தியும் பலகையும் தேவையில்லை, கழுவ ஒரு வாணலிதான். ஒரு கட்டி 85 கிராம் பச்சை வெங்காயத்துக்குச் சமம், அதாவது நடுத்தர அளவில் ஒன்று.

சோறு பற்றியும் இங்கேயே குறித்துவைக்கிறேன். உதிரியாக வடித்ததை 200 கிராம் வீதம், 2 செ.மீ. தடிமனில் தட்டையாகப் பையிலிட்டு உறைய வைத்தால் மைக்ரோவேவில் மூன்று நிமிடத்தில் வடித்த மாதிரியே வருகிறது. வெறும் ஃப்ரிட்ஜில் வைத்தால் வராது. 4 டிகிரியை ஒட்டிய குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக இறுகிச் சோறு விறைக்கும், ஃப்ரீசரில் அது நின்றுவிடும். வடித்ததும் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி உள்ளே வைத்துவிடுங்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வெந்தாலும் சாகாது, அறை வெப்பத்தில் கிடந்தால் பெருகி நஞ்சு உண்டாக்கும், அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. உருளைக்கிழங்கை மட்டும் உறைய வைக்க வேண்டாம், தண்ணீர் விட்டு மணல் மணலாகிவிடும்.

அடுத்தது தக்காளி. இதில் 94 விழுக்காடு தண்ணீர் என்பதால் அதே பாதித் தண்ணீர் பதத்துக்கு, 30 மி.லி. எண்ணெயோடு, ஒரு கிலோவை 170 கிராமுக்கு வற்ற வைக்க வேண்டும். இதுவரை 240-க்குக் கீழே இறங்க முடியவில்லை. கெட்டியானதும் குமிழ் வெடித்து அடுப்பெல்லாம் தெறிக்கிறது. மூடினால் வற்றாது, திறந்தால் தெறிக்கும். கம்பிவலை மூடி ஒன்று வாங்கியிருக்கிறது. அதுவும் சரிப்படாவிட்டால் பாதிவரை அடுப்பில் வற்ற வைத்து, மீதியைத் தட்டில் பரப்பி ஓவனில் 110 டிகிரியில் வைத்துப் பார்க்க வேண்டும். 240-இல் நின்ற கட்டிகள் ஒன்பது உள்ளே இருக்கின்றன. அவை ஐஸ் மாதிரிதான், குழம்புக்கு ஆகும், முட்டைக்கு ஆகாது.