பெரட்டுக்கு வராத பதினேழு பேர்

எங்கள் ஊர் மலேசியாவில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றிவிட்டார்கள். ஏன் மாற்றினார்கள் என்று மலாய் தெரிந்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், சிரித்து முடித்த பிறகுதான் சொல்வார்கள். ஊரைச் சுற்றிச் செம்பனை, நடுவே கடைத்தெரு, சாயங்காலமானால் கோப்பிக் கடையில் பாதி ஊர். இங்கே போய் ரெக்கார்டு பிளேயர் வாங்கப்போகிறேன் என்றால் "கராவோக்கே செட்டா?" என்றுதான் கேட்பார்கள். கேட்டார்கள்.

எல்லாம் அப்பாவின் தகரப் பெட்டியால் வந்தது. அப்பா இருபத்திரண்டு வருடம் தோட்டத்தில் தண்டலாக, அதாவது ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்தவர். லயத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்தபோது கட்டிலைக்கூட அங்கேயே போட்டுவிட்டு வந்தார், அந்தப் பெட்டியை விடவில்லை. உள்ளே நாற்பது சொச்சம் இசைத்தட்டுகள். அப்பாவுக்கு அவை பிளேட்டு. பாட்டுப்பெட்டி எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. நம் ஊர் ஈரத்துக்கு உறைகளெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டுகளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை, யாரோ மாக்கோலம் போட்டு வைத்த மாதிரி. டிஸ்டில்டு வாட்டரும் மெத்தென்ற துணியும் வைத்துக்கொண்டு, பள்ளம் ஓடும் திசையிலேயே சுற்றிச் சுற்றித் துடைத்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கே சரியாகப் போயிற்று.

முதலில் வாங்கியது சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகும் பிளேயர். ஆன்லைனில், நீல நிறத்தில். நிறம் என் மகள் தேர்ந்தெடுத்தது, மற்றதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. டி.எம்.எஸ். ஒரே வரியை மூன்று தடவை பாடினார். பாட்டே அப்படித்தான் போல என்று நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். "ஊசி குதிக்குதுடா" என்றார் அப்பா.

பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் நண்பனைக் கூப்பிட்டேன். அவன் வினைல் பைத்தியம். அம்கோர்ப் மால் பழைய சாமான் சந்தையில் வாரக் கடைசியில் காணாமல் போனால் அவனை ரெக்கார்டு அடுக்குகளுக்கு நடுவில்தான் தேட வேண்டும். "அந்தப் பெட்டியை மூடி மூலையில வை. ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே பெட்டியில இருந்தா ஸ்பீக்கர் அதிர்ற அதிர்ச்சி ஊசிக்குப் போகாம எங்க போகும்? ஊசிய பிடிச்சிருக்கிற சின்ன டப்பாதான் காட்ரிட்ஜ், அதுல இருக்கிறது செராமிக் காட்ரிட்ஜ். அஞ்சு ஆறு கிராம் எடையில பள்ளத்தை உழுதுக்கிட்டு இருக்கும். நல்ல காட்ரிட்ஜ் ரெண்டு கிராம்ல வேலைய முடிச்சிரும்" என்றான்.

அப்புறம் ஒரு மணி நேரம் வகுப்பு. ஊசிக் கைக்குப் பின்னால் திருகிச் சரிசெய்கிற எடைக்கல் இருக்கவேண்டும். காட்ரிட்ஜைக் கழற்றி மாற்ற முடியவேண்டும். மோட்டார் பெல்ட் போட்டுத் தட்டைச் சுற்றினால் பெல்ட் டிரைவ், மோட்டார் மேலேயே தட்டு உட்கார்ந்திருந்தால் டைரக்ட் டிரைவ். அவனுக்குப் பிடித்தது டெக்னிக்ஸ் எஸ்எல்-1200. 1972-இல் வந்தது, உலகத்தில் இருக்கும் டிஜேக்கள் எல்லாம் அதில்தான் பழகினார்கள், 2010-இல் நிறுத்தி 2016-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள் என்று சொந்தத் தாய்மாமன் கதை மாதிரி சொன்னான். விலையைக் கேட்டேன். மனைவி பக்கத்தில் இருந்ததால் "அப்படியா, அங்க நல்ல மழையா?" என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

கடைசியில் ஜப்பானிலிருந்து கொண்டெய்னரில் வரும் பழைய சாமான்களை விற்கும் கடை ஒன்றில் சிக்கியது என் மிஷின். சைக்கிள், கிட்டார், சோற்றுப்பானைகளுக்கு நடுவில், மரப் பெட்டியில், கண்ணாடி மாதிரி மூடியோடு உட்கார்ந்திருந்தது. பெல்ட் டிரைவ். நான் சும்மா வாங்கவில்லை. கையை ஆட்டிப் பார்த்தேன், லொடலொட இல்லை. தட்டைச் சுற்றிவிட்டுக் காதை வைத்தேன், உரசல் இல்லை. ஊசி முனையைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன், எதுவும் புரியவில்லை, ஆனாலும் பார்த்தேன். "ஜப்பான் பாராங், தாஹான்" என்றார் கடைக்காரர், ஜப்பான் சாமான், தாங்கும் என்று. 450 வெள்ளி. ஜப்பானில் கரண்ட் 100 வோல்ட், நமக்கு 230 என்று நானே ஞாபகமாகச் சொல்லி, வோல்ட்டை இறக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். வழி முழுக்க என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு காரை ஓட்டினேன்.

ஊசிக் கையைச் சமன் செய்வது ரசிக்கவேண்டிய வேலை. எடைக்கல்லை முன்னும் பின்னும் திருகத் திருக, கை ஓர் இடத்தில் மேலும் போகாமல் கீழும் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். அந்த இடத்தைப் பூச்சியமாக வைத்துக்கொண்டு, அங்கிருந்து இரண்டு கிராம் ஏற்றவேண்டும். அப்பா குனிந்து பார்த்தார். "ரப்பர் பால் நிறுக்கிற தராசு மாதிரியே இருக்கு. கிராணி கை படாம பாத்துக்கோ" என்றார். தோட்டத்துக் கணக்கர் கிராணியோடு அப்பாவுக்குப் பழைய வழக்கு, அதில் நான் தலையிடுவதில்லை.

பாட்டு போட்டால் கொசு பாடுகிற சத்தம். சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயரில், 'ஆக்ஸ்' ஓட்டையில் செருகியிருந்தேன். காட்ரிட்ஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான், அதற்கென்று இருப்பது 'போனோ' ஓட்டை. சத்தத்தைக் கூட்டுவது மட்டும் அதன் வேலை கிடையாது. கனத்த சத்தத்தை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி இடத்தை அடைக்கும் என்று, தட்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து, கூர்மையான சத்தத்தைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது அதைத் தலைகீழாக்கிச் சமன் செய்யவேண்டும். அந்தக் கணக்கை அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளின் சங்கம் 1954-இல் வகுத்தது. செருகியை மாற்றினேன். இரைச்சல் வந்தது. எர்த் வயரைத் திருகினேன். நின்றது.

அப்புறம் சுசீலா பாடினார்.

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாரு பாடுறது?"

"சுசீலாம்மா."

"காய்ச்சலா இருந்தப்ப பாடினதா?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கோயில் பஜனையில் மிருதங்கக்காரர் தவறும்போது வைத்துக்கொள்ளும் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். நான் விடவில்லை. வினைல் சத்தம் 'வார்ம்' ஆக இருக்கும் என்று நண்பன் சொல்லியிருந்தான். அதை எடுத்து வீசினேன். "இதுதான்பா ஒரிஜினல் சவுண்டு. இத்தனை நாளா போன்ல கேட்டுக் கேட்டு நம்ம காது கெட்டுப்போச்சு. அனலாக்ல ஒரு இதம் இருக்கும், நிதானம் இருக்கும்."

நிதானம் இருந்தது. மூன்றரை நிமிடப் பாட்டு நாலு நிமிடத்தைத் தாண்டி ஓடியது. "சாமி ஊர்வலம் மாதிரி நகருது" என்றார் அம்மா. டி.எம்.எஸ். கிணற்றுக்குள்ளிருந்து பாடினார். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் உட்காரவைத்து, கோப்பி கொடுத்து, இதத்தை விளக்கினேன். இரண்டு வாரம். மனைவியின் தம்பி மட்டும், "மச்சான், இதமாத்தான் இருக்கு, ஆனா தூக்கம் வருது" என்றான்.

மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டு மாமா வந்தார். பாமாயில் ஆலையில் கரண்ட் வேலைகளைப் பார்க்கும் சார்ஜ்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். முழுப் பாட்டையும் கேட்டார், விளக்கத்தையும் கேட்டார், கோப்பியையும் குடித்தார். அப்புறம் சொன்னார்: "தம்பி, முப்பத்துமூணு சுத்துன்னு சொல்றோமே, சரியான கணக்கு நிமிஷத்துக்கு முப்பத்துமூணும் அதுல மூணுல ஒண்ணும். அப்படின்னா மூணு நிமிஷத்துக்குச் சரியா நூறு சுத்து வரணும். எண்ணிப் பாக்கலாமா?"

போனில் அதற்கு ஆப் இருக்கிறது என்றாள் மகள். அப்பா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். எண்ணுகிற வேலை என்றதும் மனிதர் நிமிர்ந்துவிட்டார். காலை இருட்டில், தோட்டத்து ஆட்களை வேலைக்குக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், வரிசையாக நிற்பவர்களை விரலை நீட்டாமல் கண்ணாலேயே எண்ணி, யார் வந்தார், யார் எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பில் என்று எழுதி முடித்த ஆள். தட்டின் ஓரத்தில் வெள்ளை டேப் துண்டு ஒன்றை ஒட்டச் சொன்னார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். பழைய டைரியை விரித்து, டேப் தன் பக்கம் வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்குக் கோடு. மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் மூச்சு விடவில்லை. சமையலறையில் குக்கர் விசில் அடித்தபோது, "அதை எண்ணிறாதீங்க" என்று அம்மா சொன்னதற்கு அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நேரம்" என்றார் மாமா.

"எண்பத்து மூணு" என்றார் அப்பா. "எண்பத்து நாலாவது ஆளு வர்ற வழியில இருக்கான்."

"தப்பா எண்ணியிருப்பீங்கப்பா" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. கண்ணாடியைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு மூன்று நிமிடம் எண்ணினார். அதே எண்பத்து மூணு. "நூறு பேர் வரவேண்டிய பெரட்டுல பதினேழு பேரைக் காணோம். இவன் ரெண்டு வாரமா அதை இதம்ங்கிறான்."

மாமா மிஷினைத் திருப்பி, முதுகில் இருந்த தகட்டை டார்ச் அடித்துக் காட்டினார். 100 வோல்ட் என்று இருந்தது, அது எனக்குத் தெரியும். பக்கத்திலேயே 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தது, அதை நான் படிக்கவே இல்லை. "நமக்கு அம்பது சைக்கிள். இது அறுபது சைக்கிள் மோட்டார்."

"எந்த சைக்கிளு?" என்றார் அம்மா.

கரண்ட் ஒரு வினாடிக்கு எத்தனை முறை போய்த் திரும்புகிறது என்பதுதான் பழைய எலக்ட்ரீசியன்கள் சொல்லும் சைக்கிள். ஜப்பானில் பாதி நாடு 50, பாதி நாடு 60 என்பதை மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கரண்ட் வந்த புதிதில் டோக்கியோ பக்கம் ஜெர்மன் ஜெனரேட்டர் வாங்கினார்களாம், அது 50. ஒசாகா பக்கம் அமெரிக்க ஜெனரேட்டர், அது 60. இன்றுவரை அப்படியே. என்னுடையது ஒசாகா பக்கத்துச் சரக்கு போலிருக்கிறது. இந்த மாதிரி பழைய பெல்ட் டிரைவ் மோட்டார் கரண்ட் தாளத்துக்குத்தான் ஆடும். அறுபதுக்குச் செய்ததை ஐம்பதில் ஓட்டினால் ஆறு பங்கில் ஒரு பங்கு வேகம் போய்விடும். நூறுக்கு எண்பத்து மூன்று. சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை கட்டை இறங்கிவிடும்.

"டிரான்ஸ்பார்மர் வாங்கினேனே மாமா?"

"அது வோல்ட்டைத்தான் இறக்கும் தம்பி. சைக்கிளைத் தொடாது."

குவார்ட்ஸ் படிகத்தை வைத்து வேகத்தைப் பிடிக்கும் டைரக்ட் டிரைவாக இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லையாம். இப்போது வரும் புதிய மிஷின்களில் பெரும்பாலும் டிசி மோட்டார், அதற்கும் இந்த வம்பு கிடையாது. இதை நண்பனிடம் போனில் சொன்னபோது, "அடப்பாவி, தகட்டைப் பாக்கலையா? அது அடிப்படைடா" என்றான். அந்த ஒரு மணி நேர வகுப்பில் அடிப்படை வரவில்லை. தாய்மாமன் கதைதான் வந்தது.

தீர்வு சின்னது. மோட்டார் தலையில் பெல்ட் ஓடும் புல்லியை ஐந்துக்கு ஆறு என்ற கணக்கில் பெரிதாக்கினால் போதும். மாமா வெர்னியர் வைத்து அளந்தார். புல்லியில் 33 சுற்று வேகத்துக்கான படி பதினைந்து மில்லிமீட்டர், அதைப் பதினெட்டாக்கவேண்டும். 45 சுற்றுத் தட்டுகளுக்கான படியையும் அதே கணக்கில். கடைத்தெருவுக்குப் பின்னால், லாரிக்கும் ஆலைக்கும் புஷ் கடைந்து கொடுக்கும் லேத் கடை இருக்கிறது. கடை முதலாளி தௌக்கே அந்தக் குட்டிப் புல்லியை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த மோட்டார் சைக்கிளுக்கு?" என்றார். பாட்டு கேட்க என்றேன். சிரித்தார், ஆனால் பித்தளையில் அழகாகக் கடைந்து, ஓரத்தைப் பளபளவென்று தேய்த்துக் கொடுத்தார். 35 வெள்ளி. என் மொத்தச் செலவில் முழுத் திருப்தி தந்தது இந்த 35 வெள்ளிதான்.

சாயங்காலம் எல்லாரும் கூடினார்கள். புல்லியைப் பொருத்தி, பெல்ட்டை மாட்டினோம். சுசீலா பாட ஆரம்பித்த முதல் வரியிலேயே அம்மா, "ஆங், இவங்கதான்" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பாவுக்கு அது போதவில்லை. டேப், கண்ணாடி, டைரி. மாமா கடிகாரத்தைப் பிடித்தார்.

"தொண்ணூத்தொம்பது."

எனக்கு நெஞ்சு அடைத்தது. மாமா நெற்றியைத் தேய்த்தார். பெல்ட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு, அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கவேண்டும், பதினெட்டுக்கு மேல் ஒரு மயிரிழை ஏற்றிக் கடைந்திருந்தால் சரியாக நூறு வந்திருக்கும் என்றார். நாளைக்கே லேத் கடைக்குப் போகலாம் என்று நான் எழுந்தேன்.

அப்பா உட்காரச் சொன்னார். டைரியில் தேதி போட்டு, பழைய பெரட்டுப் புத்தகத்தில் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதினார்: வந்தவர் 99. எம்.சி. 1.

"பிளேட்ட திருப்பிப் போடு" என்றார்.