கிராஞ்சியில் தாத்தாவின் பெயரைத் தேடிய கதை

போன வாரம்தான் அத்தையை ஊருக்கு விமானம் ஏற்றிவிட்டேன். சிங்கப்பூருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே அவரைக் கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனது நான் செய்த தப்பு. இன்னொரு குடும்பம் அப்படி அலையக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தாத்தா வட ஆற்காட்டுக்காரர். இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவுக்கு வந்த, பிரிட்டிஷ்காரர்களின் இந்தியப் படையில் இருந்தார். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தபோது பிடிபட்டவர்களில் அவரும் ஒருவர். அதன் பிறகு ஒரு கடிதம்கூட இல்லை. போர் முடிந்த பிறகுதான் இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. அத்தைக்கு அப்போது ஐந்து வயது. எப்படிச் செத்தார், எங்கே புதைத்தார்கள், எரித்தார்களா என்று எதுவும் தெரியாது. "சிங்கப்பூர்ல கல்லுல பேர் வெட்டியிருக்காங்களாம்" என்று பாட்டி சாகும்வரை சொன்ன ஒரு வரிதான் எங்களிடம் இருந்தது.

அதை நம்பிப் போய் நின்றோம். மேட்டில் வரிசை வரிசையாக வெள்ளைக் கற்கள், உச்சியில் சிங்கப்பூர் நினைவுச்சின்னம். விமான இறக்கை போன்ற கூரை, அதைத் தாங்கும் அகலமான தூண்கள் முழுக்கப் பெயர்கள். 24,000-க்கும் மேல். பெயர்கள் முதலில் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள் அகரவரிசை என்று இருக்கும். படைப்பிரிவு தெரியாமல் போனால் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு அது அங்கே போன பிறகுதான் உறைத்தது. அத்தைக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு தூணாக வந்து நின்று, "இதுல இருக்கா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டரை மணி நேரம். 85 வயது மனுஷி, வெயிலில்.

ஊரில் இருக்கும் சித்தப்பா மகனிடம் பாட்டியின் பழைய பென்ஷன் தாளைக் கொடுத்து ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். முதல் நாள் ஆள் இல்லை. இரண்டாம் நாள் ஜெராக்ஸ் செல்லாது, அசல் வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் அசலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து ஆளு, எங்ககிட்ட எதுவும் இருக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார் அங்கிருந்தவர். முதல் நாளே இதைச் சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால் இரண்டு நாள் கூலி மிச்சம் அவனுக்கு. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வழி வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. தாத்தாவுக்காகப் பாட்டிக்கு வந்த மெடல். அந்தப் போரில் இந்தியப் படையினருக்குக் கொடுத்த மெடல்களில் ஓரத்தைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருப்பார்கள். நாணயத்தின் விளிம்பு மாதிரி மெல்லிய இடம் என்பதால் எண்பது வருடமாக யாரும் கவனிக்கவில்லை. சித்தப்பா மகன் செல்போனில் கிட்டே வைத்துச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து அனுப்பினான். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. உங்கள் வீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து தேய்த்து மெருகு போடாதீர்கள். எழுத்து அழிந்துவிடும்.

அடுத்து, கிராஞ்சி போன்ற போர்க் கல்லறைகளையும் மாண்டவர்களின் பதிவுகளையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடினேன். இலவசம்தான். முன்பே பெயரை மட்டும் போட்டுத் தேடிப் பார்த்துத் தோற்றிருந்தேன். 'சாமி' என்று முடியும் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்! டபிள்யூவா வியா, கடைசியில் ஐயா ஒய்யா. பெயரை விட்டுவிட்டுப் படை எண்ணை மட்டும் போட்டேன், ஒரே ஒரு பதிவு வந்தது. எண் இல்லாதவர்கள், கூடுதல் தகவல் என்ற கட்டத்தில் ஊர் பெயரையோ பழைய மாவட்டப் பெயரையோ போட்டுப் பாருங்கள். எங்கள் பதிவில் பாட்டியின் பெயரும் ஊர் பெயரும் இருந்தன, இரண்டும் எழுத்துப் பிழையோடு. இறந்த தேதியும் இருந்தது, 1943-ல் ஒரு நாள். ஒன்று மறக்காதீர்கள்: இவை பெரும்பாலும் படையினருக்கான பதிவுகள். ஜப்பானியர் போட்ட சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட மலாயாத் தோட்டத் தொழிலாளர்களை இதில் தேடினால் கிடைக்கமாட்டார்கள்.

மறுபடி கிராஞ்சி. இந்த முறை காலை எட்டரைக்கே, குடையோடு. ஆனாலும் பெரிய தூண்களில் பெயர் இல்லை. செல்போனில் பதிவைத் திரும்பப் படித்தேன். அவசரத்தில் ஒரு சொல்லை விட்டிருக்கிறேன். அது சிங்கப்பூர் நினைவுச்சின்னம் இல்லை, சிங்கப்பூர் தகன நினைவுச்சின்னம். பெரிய கட்டடத்துக்குப் பின்னாலேயே தனியாக இருக்கிறது. தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட சுமார் 800 பேரின் பெயர்கள் அங்கே, பெரும்பாலும் இந்தியப் படையினர். கிராஞ்சியில் இப்படித் தனித்தனி நினைவுச்சின்னங்கள் சில உண்டு. பராமரிக்க முடியாத கல்லறைகளுக்கு ஒன்று, பழைய பொது மருத்துவமனை வளாகத்தில் ஒரே குழியில் புதைக்கப்பட்ட 400-க்கும் மேற்பட்டோருக்கு ஒன்று. அதனால் பதிவில் நினைவுச்சின்னத்தின் முழுப் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள்.

பெயர் இருந்தது. அத்தையின் விரலைப் பிடித்து எழுத்துகளின் மேல் வைத்தேன். "எரிச்சாங்களா? நிஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டார். அநாதைப் பிணமாக எங்காவது மண்ணில் தள்ளியிருப்பார்கள் என்றுதான் பாட்டி கடைசிவரை அழுததாம். "நைனாவ முறையா அனுப்பிட்டாங்கம்மா" என்று காலமான தன் அம்மாவிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

பாட்டி பெயரையும் ஊர் பெயரையும் திருத்தக் கேட்டு, பென்ஷன் தாளின் நகலோடு ஆணையத்துக்கு எழுதியிருக்கிறேன். அத்தைக்கு வேறு அவசரம். இத்தனை வருடமும் நாள் தெரியாமல் ஆடி அமாவாசைக்குத்தான் தாத்தாவுக்குப் படைத்தோம். இறந்த தேதியை ஒரு தாளில் பெரிதாக எழுதித் தரச் சொல்லி, நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். ஊரில் இறங்கியதும் 1943-ம் வருடப் பஞ்சாங்கம் யாரிடம் இருக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாராம்.