செவலையின் வலது கண்

செவலை சிப்பிப்பாறை நாய். வயது ஒன்றே கால். கோவில்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு அந்த இனத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: ஒட்டிய வயிறு, நீண்ட மூக்கு, முயல் விரட்டப் பிறந்த கால்கள். அந்தக் குறுகிய முகத்தில் ஒரு கோளாறு வந்தால் மறைக்க இடமே கிடையாது. ஆடி மாதம் ஒரு காலையில் கம்பங்கூழ் வைத்தேன். பாதி, வலது கடைவாய் வழியாகத் தரைக்கு வந்துவிட்டது. வலப்பக்க உதடு தொங்கியது, காதும் சோர்ந்து விழுந்திருந்தது. இடது கண் இமைத்தது. வலது கண் இமைக்கவே இல்லை. முந்தைய இரவு நன்றாகத்தான் இருந்தான்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்: “டீச்சர், எச்சில் ஒழுகுகிறது. வெறி பிடித்துவிட்டது. வாயில் கை வைத்துவிடாதீர்கள்.” நோயைப் பற்றி அவர் சொன்னது தப்பு. கையைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி.

ஊரில் முதலில் காட்டிய இடத்தில் ‘வாதம்’ என்றார்கள். ஓர் ஊசி, ஒரு வைட்டமின் டானிக். காதுக்குள் பார்க்கவில்லை, கண்ணைத் தொடவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. தம்பியின் காரில் பழைய போர்வையை விரித்து அவனை ஏற்றிக்கொண்டு, திருநெல்வேலி ராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் புறப்பட்டோம்.

அங்கே முதலில் கேட்டது தடுப்பூசி அட்டையை. ரேபிஸ் ஊசி எப்போது போட்டது, தெருநாய் ஏதாவது கடித்ததா என்று விசாரித்துவிட்டு, கையுறை மாட்டிக்கொண்ட பிறகுதான் மருத்துவர் அவன் அருகில் வந்தார். சிறு வயதுப் பெண்; பேச்சில் அவசரம் இல்லை. ரேபிஸில் சில நாய்கள் சீறாமல், கடிக்காமல், தாடை தொங்கி விழுங்க முடியாமல் கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றார். அண்ணாச்சியை மனதுக்குள் கும்பிட்டேன். செவலையின் தாடை இறுக மூடியது, தண்ணீரும் உள்ளே இறங்கியது. தொங்கியது ஒரு பக்கத்து உதடு மட்டுமே. தடுப்பூசியும் தவறாமல் போட்டிருந்தது.

அடுத்து அவர் செய்ததை நான் மறக்க மாட்டேன். வலது கண்ணின் ஓரத்தை விரல் நுனியால் மெல்லத் தட்டினார். இமை அசையவில்லை. ஆனால் விழி சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது. மூக்கோரத்திலிருந்து ஒரு வெளிர்ச் சவ்வு கண்ணின் குறுக்கே வந்து போனது. நாய்க்கு உள்ள மூன்றாவது இமை அது. “தொடுவது அவனுக்குத் தெரிகிறது. அது மூளையிலிருந்து கிளம்பும் ஐந்தாவது நரம்பின் வேலை. மூடத்தான் முடியவில்லை. அது ஏழாவது நரம்பு, முக நரம்பு” என்றார்.

அந்த நரம்பு நடுக்காதை ஒட்டிப் போகிறது. அதனால் இந்த வயது நாய்க்கு முகம் விழுந்தால் முதலில் காதைத்தான் சந்தேகப்பட வேண்டுமாம். காரணமே தெரியாமல் வருவது பெரும்பாலும் ஐந்து வயது தாண்டிய நாய்களுக்கு. காக்கர் ஸ்பானியல், பாக்ஸர் போன்ற இனங்களில் அதிகம். காதுக்குள் விளக்கு வைத்துப் பார்த்தார், செவிப்பறை சுத்தமாக இருந்தது. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எதையும் காட்டவில்லை. தலை சாயவில்லை, நடை தள்ளாடவில்லை, இரண்டு கண் பாவைகளும் ஒரே அளவு. கடைசியில் காரணம் தெரியாத முகவாதம் என்று எழுதிக் கொடுத்தார். இவ்வளவும் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்பதற்கும், பார்க்காமலே ஊசி போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

என் மாமாவுக்கு முகவாதம் வந்தபோது ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள், இவனுக்குக் கிடையாதா என்று கேட்டேன். மனிதர்களுக்குச் சீக்கிரம் தொடங்கினால் பலன் உண்டு, நாய்களில் அது நிரூபிக்கப்படவில்லை என்றார். முகத்தை விட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்கச் சொன்னார். நான் உதட்டையே பார்த்து அழுதுகொண்டிருந்தேன். அவருக்கு உதடு ஒரு பொருட்டே இல்லை.

கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகும் இழைகளும் அதே நரம்போடுதான் கிளம்புகின்றன. கீழ் இமைக்குள் ஒரு காகிதத் துண்டைச் செருகி ஒரு நிமிடம் வைத்தார். பதினைந்து மில்லிமீட்டராவது நனைய வேண்டும். இடது கண் தாளில் 19, வலது கண் தாளில் 6. மூடாத கண்ணில் நீரும் இல்லையென்றால் கருவிழி காய்ந்து புண்ணாகும், பிறகு பார்வை போகும். பச்சைச் சாயம் விட்டுப் பார்த்தார்; நல்லவேளை, புண் இல்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கடிகாரம் சொட்டு மருந்தின்படி ஓடுகிறது. பகலில் இரண்டு மணி நேரத்துக்கொரு முறை செயற்கைக் கண்ணீர், இரவில் களிம்பு. நான் பள்ளியில் இருக்கும் நேரம் அம்மாவின் பொறுப்பு. நாயை வீட்டுக்குள் விடக் கூடாது என்று சொன்னவர், இப்போது மடியில் தலையைச் சாய்த்து வைத்து, “கண்ணைத் திறடா ராசா” என்கிறார். திறந்தே கிடக்கும் கண்ணிடம்! கூழைக் கைவிட்டோம், சோற்றைக் கெட்டியாகப் பிசைந்து உருட்டி இடது பக்கமாகக் கொடுக்கிறோம். வலது கன்னத்தில் தேங்குவதை ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாறும். மருந்துக் கடைக்காரர் நோயாளியின் பெயர், வயது கேட்டார். “செவலை, ஒன்றே கால்” என்றேன். சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

கஷ்டம் எங்கள் ஊர்க் காற்றுதான். ஆடியில் கரிசல் புழுதி வாசல்படி தாண்டி வரும். ஓடப் பிறந்தவனைக் கட்டிப் போட்டால் ஊளையிட்டே தெருவை எழுப்புகிறான். காற்று அடங்கிய பின், இருட்டியதும் மைதானத்துக்கு அழைத்துப் போகிறேன்.

சரியாகப் பல வாரங்கள் ஆகலாம், முழுதாகச் சரியாகாமலும் போகலாம் என்று மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார். இப்போது காது பாதி எழும்புகிறது. உதடு அப்படியே இருக்கிறது. சென்ற முறை தாளில் வலது கண் 11 காட்டியது. பதினைந்தைத் தொட்டால் பகல் சொட்டுகளைக் குறைக்கலாம் என்றிருக்கிறார். அடுத்த மாதம் மறுபடியும் ராமையன்பட்டி.