கீழ்ப் பிரிவுக்கு ஒரு பட்ஜெட்

இங்கிலாந்துக் கால்பந்தில் பிரீமியர் லீக்குக்கும், அதன் கீழே 72 கிளப்புகள் ஆடும் மூன்று பிரிவுகளுக்கும் அடுத்து, ஐந்தாம் படியிலிருந்து தொடங்கும் உலகத்தை நான்-லீக் என்று அழைக்கிறார்கள். அந்த ஐந்தாம் படியான நேஷனல் லீக்கில் 24 கிளப்புகள் இருக்கின்றன. சீசன் முடிவில் கடைசி நான்கு இடங்களில் நிற்பவை, வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிரிந்திருக்கும் ஆறாம் படிக்கு இறக்கப்படும். தென்கிழக்கு இங்கிலாந்தில் அவ்வாறு இறங்கிய ஒரு கிளப்பின் அலுவலகத்தில் கணக்கும் நிர்வாகமும் என் பொறுப்பில் இருந்தன. இறங்கிய பிறகு எப்படிப் பிழைப்பது என்பதை, இறங்குவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே உட்கார்ந்து எழுத வேண்டும் என்பது அந்த ஆண்டில் எனக்கு உறுதிப்பட்டது.

ஜனவரியில் நாங்கள் இன்னும் கடைசி நான்கு இடங்களுக்கு மேலேதான் இருந்தோம். அப்போதே எங்கள் தலைவர் அடுத்த சீசனுக்கு இரண்டு பட்ஜெட் தயாரிக்கச் சொன்னார்; ஒன்று ஐந்தாம் படிக்கு, மற்றொன்று ஆறாம் படிக்கு. அணியைப் பயிற்றுவித்துத் தேர்வு செய்யும் மேனேஜருக்கு இதில் உடன்பாடு இல்லை. இப்படியொரு தாள் இருப்பது வீரர்களின் காதுக்கு எட்டினால் அவர்கள் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று அவர் கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். ஆனால் வீரர்களுக்குப் புள்ளிப்பட்டியல் தெரியாமலில்லை. அவர்கள் வீடுகளில் அந்தக் கணக்கு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் எங்கள் மத்தியத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் பயிற்சி முடிந்த ஈரக் காலணியோடு அலுவலகத்துக்கு வந்தார். வீட்டுக்கடனுக்காக வங்கி சம்பளச் சான்று கேட்டிருந்தது. கடிதத்தை வாங்கிக்கொண்ட பிறகும் நகராமல் நின்றவர், “ஜூலை மாதமும் இதே சம்பளம்தானா, அதை மட்டும் சொல்லிவிடுங்கள்” என்றார். அவருடைய ஒப்பந்தத்தில், கிளப் கீழிறங்கினால் சம்பளம் குறையும் என்ற விதி இருந்தது. எவ்வளவு குறையும், எந்தத் தேதியிலிருந்து குறையும் என்பதை அந்தத் தாளைப் பார்த்து அவருக்கு விளக்க முடிந்தது. அந்த இரண்டாம் பட்ஜெட் இல்லாதிருந்தால் மழுப்பலாக எதையோ சொல்லி அனுப்பியிருப்பேன்; அது அவருக்குச் செய்யும் அநீதியாக இருந்திருக்கும்.

நான்-லீக்கில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் குறுகியவை. பல ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்துவிடும். ஒப்பந்தமே இல்லாமல் பதிவு மட்டும் செய்துகொண்டு ஆடும் வீரரை, ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வேறொரு கிளப் அணுகலாம். இறங்கும் கிளப்புக்கு இது பலமும் பலவீனமும். சம்பளச் சுமை தானாகவே இறங்கிவிடும். ஆனால் அதனோடு அணியும் கரைந்துவிடும். முழுநேர அணியாகத் தொடர்வதா, செவ்வாய், வியாழன் மாலைகளில் மட்டும் பயிற்சி பெறும் பகுதிநேர அணியாக மாறுவதா என்பதே எங்கள் முன்னிருந்த பெரிய கேள்வி. பகுதிநேரம் என்று முடிவெடுத்தால், காலைப் பயிற்சியை நம்பிக் குடும்பத்தை இங்கே கொண்டுவந்த வீரர்கள் போய்விடுவார்கள்; பகலில் மின்பணியோ ஆசிரியப் பணியோ செய்துவிட்டு மாலையில் பூட் அணியும் வீரர்கள் வருவார்கள். அவர்களிலும் நல்ல ஆட்டக்காரர்கள் உண்டு. ஆனால் அவர்களைத் தேடும் வேலையை மே மாதத்தில் தொடங்கினால், நல்லவர்களைப் பிற கிளப்புகள் முன்பே பேசி முடித்திருக்கும்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் கூட்டம் சூடானது. மைதானப் பராமரிப்பாளர், சீருடைப் பொறுப்பாளர், இளையோர் பயிற்சியாளர், கிளப்ஹவுஸ் சமையலறையில் நிற்பவர் ஆகியோரின் சம்பளம் மொத்தச் செலவில் சிறு பகுதிதான். இருந்தும் வெட்டுவதற்கு முதலில் கண்ணில் படுவது அதுவே. அதைத் தொடக்கூடாது என்று நான் வாதிட்டேன், இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறேன். எங்கள் மைதானத்தில் இருப்பது செயற்கைப் புல்தரை. ஆறாம் படியிலும் ஐந்தாம் படியிலும் அதற்கு அனுமதி உண்டு. நான்காம் படியில் இல்லை. 2021-இல் மேலேறிய சட்டன் யுனைடெட் தன் செயற்கைத் தரையைப் பெயர்த்தெடுத்து இயற்கைப் புல் போட வேண்டியிருந்தது. எங்களுக்கு அந்தத் தரை வாரம் முழுவதும் வாடகை ஈட்டுகிறது. மாலைதோறும் பள்ளிச் சிறுவர்களும் பெண்கள் அணியும் உள்ளூர் ஞாயிறு அணிகளும் வந்து ஆடுகிறார்கள், அவர்களுடைய பெற்றோர் கிளப்ஹவுஸில் தேநீர் வாங்குகிறார்கள். கிளப் எந்தப் பிரிவில் ஆடினாலும் இந்த வருமானம் மாறாது. அதைக் காப்பாற்றித் தருபவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஒரு முன்கள வீரரின் சம்பளத்தை மிச்சப்படுத்துவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

கீழிறங்குவதால் வரும் சில மாற்றங்கள் கிளப்புக்குச் சாதகமானவை என்பதையும் பட்ஜெட்டில் எழுதினோம். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, முதல் ஐந்து படிகளின் ஆட்டங்களில், களம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று மது அருந்தக்கூடாது. ஆறாம் படியின் லீக் ஆட்டங்களில் அந்தத் தடை இல்லை. ரசிகர் தன் பியரை பிளாஸ்டிக் கோப்பையில் எடுத்துக்கொண்டு கம்பித் தடுப்பருகே நின்று ஆட்டம் பார்க்கலாம். ஆகவே இடைவேளைப் பதினைந்து நிமிடங்களில் முண்டியடித்த கூட்டம் ஆட்டம் முழுவதும் பரவும், விற்பனையும் கூடும். இருதரப்பு ரசிகர்களையும் பிரித்து நிறுத்த வேண்டிய ஆட்டங்கள் குறைவதால் பாதுகாவலர் செலவும் குறையும். இடைவேளையில் ரசிகர்கள் தங்கள் அணி தாக்கப்போகும் கோலுக்குப் பின்னால் போய் நிற்க மறுமுனைக்கு நடந்து போகும் பழைய வழக்கம் எங்கள் மைதானத்துக்குத் திரும்பியது. எங்கள் மூத்த ரசிகர்கள் பலருக்கு அது உண்மையான மகிழ்ச்சியைத் தந்தது.

பயணச் செலவை மட்டும் கடைசிவரை உறுதியாகக் கணக்கிட முடியவில்லை. ஐந்தாம் படி நாடு முழுவதற்கும் பொதுவானது. 2025-26 சீசனில் கார்ன்வாலின் ட்ரூரோ சிட்டியும் வடகிழக்கின் கேட்ஸ்ஹெட்டும் ஒரே பிரிவில் இருந்தன. ஆறாம் படியில் தூரம் குறையும் என்பது பொதுவாக உண்மை. ஆனால் வடக்கு, தெற்குக் கோடு ஆண்டுதோறும் நகரும். எந்தக் கிளப்புகள் ஏறின, எவை இறங்கின என்பதைப் பார்த்து, சீசன் முடிந்த பிறகே அதை வரைகிறார்கள். லண்டனுக்கு அருகே ஹார்ட்ஃபர்ட்ஷயரில் உள்ள பிஷப்ஸ் ஸ்டார்ட்ஃபர்டை 2023-24-இல் வடக்குப் பிரிவில் சேர்த்தார்கள்.

முன்னே போனவர்களின் வரலாறும் எங்கள் மேசையில் இருந்தது. 1987-இல் லீக்குக்கும் நான்-லீக்குக்கும் இடையே முதன்முறையாகத் தானியங்கி ஏற்ற இறக்கம் வந்தபோது, இறங்கிய லிங்கன் சிட்டி மறு ஆண்டே திரும்பியது. அன்று மேலேறிய ஸ்கார்பரோ 1999-இல் இறங்கியது. கடைசி நாளில், அதே இறக்க ஆபத்தில் இருந்த கார்லைல் கிளப்புக்காக, வேறு கிளப்பிலிருந்து தற்காலிகமாக வந்திருந்த கோல்கீப்பர் ஜிம்மி கிளாஸ் ஆட்டத்தின் கடைசி நொடிகளில் அடித்த கோல்தான் ஸ்கார்பரோவைக் கீழே தள்ளியது. கடனில் மூழ்கி 2007-இல் அந்தக் கிளப் கலைக்கப்பட்டது. ஸ்டாக்போர்ட் கவுன்டி 2013-இல் ஆறாம் படி வரை சரிந்து, பகுதிநேர அணியாகி, அங்கேயே ஆறு சீசன்கள் ஆடி, 2019-இல் ஒரு படியும் 2022-இல் மற்றொரு படியும் ஏறியது. ஒரே ஆண்டில் திரும்பிவிடுவோம் என்று நம்பி ஐந்தாம் படிச் சம்பளத்தை ஆறாம் படி வருமானத்தில் கொடுப்பதைவிட, ஸ்டாக்போர்ட்டின் நீண்ட வழியே எங்களைப் போன்ற கிளப்புக்குப் பொருந்தும் என்று இயக்குநர் குழுவில் எடுத்துச்சொன்னேன். குழுவில் எல்லோரும் ஏற்கவில்லை என்றாலும், வாக்கெடுப்பில் பகுதிநேரம் வென்றது.

பல படிகளின் கிளப்புகளும் மோதும் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பையின் பரிசுப் பணத்தை வரவில் சேர்க்கலாமா என்றும் கேட்டார்கள். ஆறாம் படிக் கிளப்புகள் இரண்டாம் தகுதிச் சுற்றிலேயே நுழைவதால், ஐந்தாம் படிக் கிளப்புகளைவிடக் கூடுதலாக இரண்டு சுற்றுகளில் பணம் வெல்ல வாய்ப்புண்டு. 2023-இல் இறங்கிய மெய்ட்ஸ்டன் யுனைடெட் அடுத்த ஜனவரியிலேயே, அப்போது இரண்டாம் படியில் இருந்த இப்ஸ்விச்சை 2-1 என்று வென்று ஐந்தாம் சுற்றுக்குப் போனது. அதைப் பார்த்து நாங்களும் மகிழ்ந்தோம். ஆனாலும் வரவுப் பக்கத்தில் கோப்பைக்கு நேரே பூஜ்யம்தான் போட்டோம்.

ஏப்ரலில் இறக்கம் உறுதியான வாரத்திலேயே சீசன் டிக்கெட் கடிதம் போய்விட்டது. குறைத்த விலை, பகுதிநேர அணி என்ற முடிவு, ஊழியர்கள் யாருடைய வேலையும் போகாது என்ற உறுதி, மூன்றும் அதில் இருந்தன. இப்போது மறுபடியும் ஜனவரிப் பட்ஜெட் வேலை நடக்கிறது. இம்முறை மூன்று தாள்கள்: மேலே ஏறினால் ஒன்று, இங்கேயே நின்றால் ஒன்று, ஏழாம் படிக்கு இறங்கினால் ஒன்று. மூன்றையும் கேட்டு வாங்கியவர் மேனேஜர்.