பூட்டுகிற திறப்பு

“பூட்டுவதற்கு மட்டும்தான் உதவும் என்றால், அதை ஏன் திறப்பு என்கிறீர்கள், சேர்?”

இரண்டாம் வருட மாணவி ஒருத்தி கேட்டாள். பொதுத் திறப்பு மறையாக்கத்தைத் தமிழில் விளக்க நான் முதன்முதலாக முயன்ற நாள் அது. எங்கள் பாடங்கள் ஆங்கிலத்தில் நடப்பவை. பலகையில் ஆங்கிலம், விளங்காத இடத்தில் வாயில் தமிழ் என்று ஓட்டிக்கொண்டிருப்போம். தமிழ்நாட்டில் ‘சாவி’ என்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் ‘திறப்பு’ என்கிறோம். திறப்பது எதுவோ அது திறப்பு. செய்யும் வேலையே பெயர். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு, “ஊருக்கெல்லாம் கொடுக்கிற ஒரு திறப்பு இருக்கிறது, அதனால் பூட்டலாம், திறக்க முடியாது” என்றால் யாருக்குத்தான் சிரிப்பு வராது?

ஆமைப்பூட்டுத்தான் அன்று என் மானத்தைக் காப்பாற்றியது. ஆமைப்பூட்டை அழுத்திப் பூட்டுவதற்குத் திறப்பு வேண்டியதில்லை. திறந்தபடி நூறு ஆமைப்பூட்டுகளை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியில் தொங்கவிடுகிறேன் என்று வையுங்கள். யாரும் ஒன்றை எடுத்துத் தன் பெட்டியைப் பூட்டி எனக்கு அனுப்பலாம். திறப்பு என்னிடம் மட்டும். பூட்டியவரே நினைத்தாலும் இனித் திறக்க முடியாது. 1976இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் உலகத்துக்குச் சொன்ன எண்ணத்தில் ஒரு பகுதி இதுதான். இரகசியமாகப் பேசுவதற்கு முன்பே இரகசியமாக ஒருமுறை சந்தித்திருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை அவர்கள் உடைத்தார்கள்.

அடுத்த வருடம் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் மூவரும் அந்தப் பூட்டை எண்களால் செய்துகாட்டினார்கள். வகுப்பில் 4897ஐ எழுதி, எந்த இரண்டு முதன்மை எண்களின் பெருக்கம் என்று கேட்பேன். 2இல் தொடங்கி முதன்மை எண்களால் மட்டும் வகுத்துக்கொண்டு போனால் 17ஆவது முயற்சியில் 59 அகப்படும், மற்றது 83. பெருக்க அரை நிமிடம், பிரிக்கப் பத்து நிமிடம். அந்த இடைவெளியில்தான் பூட்டு இருக்கிறது. அவர்கள் 129 இலக்க எண் ஒன்றைப் பிரிக்கச் சொல்லி 1977இல் விட்ட சவாலை, 1994இல் இணையத்தால் இணைந்த தொண்டர்கள் தங்கள் கணினிகளைக் கொண்டு வென்றார்கள். பரிசு 100 டொலர். அந்த 1994இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போய் நாலு வருடம். பஞ்சில் மண்ணெண்ணெய் நனைத்து நூல்திரி போட்ட ஜாம் போத்தல் விளக்கில் நான் பின்னக் கணக்குச் செய்துகொண்டிருந்தேன். இதைச் சொன்னால் மாணவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அவர்களில் யாரும் அப்போது பிறந்திருக்கவில்லை.

இரகசியம் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது கடினமே இல்லை. அது வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து உண்டியலில், அதாவது வங்கியைத் தொடாமல் ஆள் வழியாக, காசு வந்து சேர்ந்ததா என்று அந்நாளில் தொலைபேசியில் நேரே கேட்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் “பெரியம்மாவுக்குச் சுகமா?” என்பதுதான் கேள்வி. காசு வந்துவிட்டால் பெரியம்மா நலம், வராவிட்டால் காய்ச்சல். ஒருமுறை பெரியம்மா உண்மையிலேயே ஆஸ்பத்திரியில் படுத்தபோது மாமா நம்பவில்லை. அவசரமாக இன்னொரு தொகை அனுப்பிவைத்தார். இலக்கணக்காரர் இதைக் குழூஉக்குறி என்பார்கள். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது போல. ஆனால் குழூஉக்குறி வெளியே தெரிந்த அன்றே செத்துவிடும். முறை முழுவதும் எதிரிக்குத் தெரிந்தாலும் திறப்பு ஒன்று மட்டும் மறைவாக இருந்தால் போதும், அப்படித்தான் ஒரு முறையை அமைக்க வேண்டும் என்று டச்சு மொழியறிஞர் கெர்க்கோஃப்ஸ் 1883இலேயே எழுதிவிட்டார். மாணவர்களுக்குப் பிடிக்காத பாடம் இது. ஆண்டுக்கு ஒருவராவது சொந்தமாக ஒரு மறையாக்க முறையைக் கண்டுபிடித்துக்கொண்டு வருவார். “எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் சொல்லவில்லை சேர்” என்று பெருமையோடு சொல்வார். அதுதான் அதன் நோய் என்று எப்படிச் சொல்வது?

அவர்களுக்கு ‘சைக்’ என்ற முறையின் கதையைச் சொல்வேன். குவாண்டம் கணினிக்கும் அசையாத பூட்டுகளைத் தேர்ந்தெடுக்க அமெரிக்கத் தர நிறுவனம் நடத்திய பகிரங்கப் போட்டியில் அது நாலாவது சுற்றுவரை வந்தது. செய்தவர்கள் சிறியவர்கள் அல்லர். 2022இல் பெல்ஜிய ஆய்வாளர் இருவர், காஸ்ட்ரிக்கும் டெக்ருவும், சாதாரண கணினிச் செயலியின் ஒரே ஒரு கருவில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அதை உடைத்தார்கள். பலர் கண்ணெதிரே வைத்ததால் அது நடைமுறைக்கு வருமுன்பே உடைந்தது. அதற்குத்தான் போட்டி. இத்துறையின் கட்டுரைகளில் பெரும்பகுதி இலவசத் திறந்த காப்பகத்தில் வந்துவிடுவதால், பெல்ஜியத்து லூவெனில் படிப்பவன் வாசிக்கும் அதே இரவில் கோண்டாவிலில் இருப்பவளும் வாசிக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஆய்வு செய்கிறவனுக்கு வேறு துறைகளில் இந்த வாய்ப்புக் குறைவு.

கடினமான பாடம் வேறு. தகவல் பாதுகாப்புக்கு மூன்று கால்கள் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன: மறைவாக இருத்தல், மாறாமல் இருத்தல், வேண்டிய நேரத்தில் கிடைத்தல். வரிசையும் பெரும்பாலும் இதுதான். நானும் பல வருடம் அப்படியே ஒப்புவித்தேன். எங்கள் ஊருக்கு அந்த வரிசை தலைகீழ் என்று இப்போது நினைக்கிறேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, போரின் நடுவே, யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து கிழக்கே தென்மராட்சிக்கு நடந்தபோது, அம்மா உடுப்புப் பையை வழியில் விட்டாள். ஒரு சீலைப் பையை மட்டும் விடவில்லை. காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அப்பாவின் நியமனக் கடிதம். அவற்றை எவனாவது வாசித்துவிடுவான் என்ற கவலை அவளுக்கு இருந்ததே இல்லை. மழையில் நனைந்துவிடக்கூடாது, அவ்வளவுதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அவற்றில் மறைக்க வேண்டியது என்ன இருந்தது? 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி யாரும் எடுக்கலாம் என்று விரித்து வைத்திருக்கிறது. அதுவும் பாதுகாப்புத்தான். எங்கள் பாடத்திட்டத்தில் ‘பிரதி எடுத்தல்’ என்பதற்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்படவில்லை.

இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. வெட்கமான தகுதி. பட்டமேற்படிப்புக் காலத்தில், இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கள் ஆவணங்களை எப்படிக் காத்தன என்று வீடு வீடாகப் போய் ஒலிப்பதிவு செய்தேன். கிணற்றடியில் புதைத்தவர், கோவில் மூலஸ்தானத்தில் ஒப்படைத்தவர், தகர ரின்னில் மெழுகு ஊற்றி அடைத்தவர் என்று எத்தனை பேர். “வேறு யாரும் கேட்க மாட்டார்கள்” என்று ஒவ்வொருவருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆகவே எல்லாவற்றையும் 256 பிற் (bit) திறப்புக் கொண்ட ஏஇஎஸ் முறையால் பூட்டினேன். 15 முறைகள் போட்டியிட்டு, உலகமே பரிசோதித்து, 2000இல் தேர்ந்தெடுத்த முறை அது. ஒரு நாள் இரவு, கூடுதல் கவனம் என்று எண்ணிக் கடவுத்தொடரை மாற்றினேன். அடுத்த நாள் காய்ச்சல். நாலாம் நாள் எழுந்தபோது தொடரின் முதற்பாதி மட்டும் நினைவில் இருந்தது. அந்தப் பூட்டை உலகில் எவராலும் உடைக்க முடியாது, என்னாலும் முடியவில்லை. ஆவணத்தை மெழுகில் காத்த கிழவியின் குரலை நான் கணிதத்தில் தொலைத்துவிட்டேன். கையெழுத்துக் குறிப்புப் புத்தகம் ஒன்று தப்பியதால் ஆய்வு ஒருவாறு முடிந்தது.

அதற்குப் பிறகுதான் நான் முன்பு வேலை செய்த அலுவலகம் ஒன்றின் முகாமைத்துவ உதவியாளர் அக்காவை நினைத்தேன். கணினித் தொகுதியின் கடவுச்சொல்லை அவர் கடதாசியில் எழுதுவதைக் கண்டு, பாடம் படித்த மிதப்பில், “இப்படி எழுதி வைக்கலாமா அக்கா?” என்று கேட்டிருந்தேன். அவர் பதில் சொல்லாமல் கடதாசியை உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் குறுக்கே தானும் கையெழுத்திட்டு, என்னையும் இடச்சொல்லி, இரும்புப் பெட்டியில் வைக்கக் கொடுத்தார். “எனக்கு ஏதும் ஆகிவிட்டால் சம்பளம் நிற்கக்கூடாது சேர்.” உறையை யாராவது திறந்தால் கையெழுத்தே காட்டிக்கொடுக்கும், திறக்காவிட்டால் உள்ளிருப்பது யாருக்கும் தெரியாது, அவசரத்துக்குக் கிடைக்கும். மூன்று காலும் ஒரே உறையில் இருந்ததை அன்று நான் காணவில்லை.

இப்போது அந்தப் பாடத்தைக் கோவில் உண்டியலில் தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த கோவில் ஒன்றில் உண்டியலுக்கு மூன்று பூட்டுகள், மூன்று நிர்வாகிகள் கையில் மூன்று திறப்புகள். யாரும் தனியே திறக்க முடியாது, நல்ல ஏற்பாடு. ஒருவர் மகளின் பேறுகாலத்துக்குக் கனடா போனார். திறப்பும் அவர் பையோடு போனது. திருவிழா நெருங்கியபோது பூட்டை இரும்பறுக்கும் வாளால் அறுக்க வேண்டி வந்தது. மூவரில் எந்த இருவர் சேர்ந்தாலும் திறக்க வேண்டும், ஒருவரால் ஆகக்கூடாது என்றால் என்ன செய்வது? அதே ஷமீர் 1979இல் இதற்குச் சொன்ன வழி, ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) கணிதத்தில் நிற்கிறது. மறைக்க வேண்டிய எண் 7 என்க. 7இல் தொடங்கி ஒவ்வொரு படிக்கும் 4 ஏறுகிற நேர்கோடு ஒன்றை வரைகிறேன். முதலாமவருக்கு 11, இரண்டாமவருக்கு 15, மூன்றாமவருக்கு 19. இரண்டு புள்ளிகள் கிடைத்தால் கோடு ஒன்றுதான். பின்னால் நீட்டினால் 7. ஒரு புள்ளியை மட்டும் வைத்திருப்பவருக்கு? 11 வழியாக 3இலிருந்தும் கோடு வரும், 10இலிருந்தும் வரும். உண்மையான வேலையில் வகுத்த மீதிகளின் கணிதத்தில் செய்வார்கள். அப்போது ஒற்றைப் பங்கு எதையுமே சொல்லாது. வகுப்பில் அமைதி விழும் இடம் இது.

திறப்பைப் பற்றிக் கேட்ட அதே மாணவி இறுதி வருடத்தில் “குவாண்டம்” என்று வந்தாள். பேசிப் பேசி அவளைக் கீழே இறக்கினேன். இந்தப் பங்குகளை நீண்ட எண்களாக அல்லாமல், வயதானவர்கள் கடதாசியில் எழுதிவைக்கக்கூடிய தமிழ்ச் சொற்களாக மாற்றுவது அவள் ஆய்வானது. சின்ன வேலை என்றுதான் நானும் நினைத்தேன். தொலைபேசியில் வாசித்துக் காட்டும்போது ‘வளி’யும் ‘வழி’யும், ‘மனம்’, ‘மணம்’ இரண்டும் மயங்கின. அப்படிப்பட்ட சோடிகளை எல்லாம் களைந்தாள். பிறகு ஒரே சொல்லை இரண்டு தொலைபேசிகளில் எழுதினால் வேறு வேறு விடை வந்தது. இரண்டு நாள் தூங்கவில்லை. ‘கொ’ என்ற எழுத்தின் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. பூட்டுமுன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், சரியான கடவுச்சொல்லை எழுதியும் வாசலில் நிற்க வேண்டியதுதான். அவளுடைய ஆய்வறிக்கையில் எனக்குப் பிடித்த பக்கம் அதுதான். இதை ஆங்கிலத்தில் மட்டும் யோசித்திருந்தால் எங்கள் இருவர் கண்ணிலும் பட்டிருக்காது.

அவள் செய்த நிரலைக் கொண்டு என் கடவுத்தொடரை மூன்று பங்காக்கினேன். ஒன்று மனைவியிடம், ஒன்று வவுனியாவில் இருக்கும் நண்பனிடம், ஒன்று ரொறன்ரோவில் அக்காவிடம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போன மாதம் அக்காவை அழைத்தேன்.

“அந்தக் கடதாசியா தம்பி? சாமி அறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. இரு, காட்டுகிறேன்.”

அவள் தொலைபேசியை வைத்த கையோடு படம் வந்தது. பன்னிரண்டு சொற்களும் அழகான கையெழுத்தில், ஒரு சொல் மறையாமல். எனக்கு மட்டும் அல்ல. பூப்புனித நீராட்டு விழாவுக்கென்று தொடங்கி இன்றுவரை கலைக்கப்படாத எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு. சித்தப்பா அதற்கொரு கைகூப்பும் படம் போட்டிருந்தார்.

ஒற்றைப் பங்கினால் எதுவும் தெரியவராது என்று வகுப்பில் சொல்பவன் நான்தான். இருந்தாலும் அன்றிரவு மூன்று கடதாசிகளையும் புதிதாக எழுத உட்கார்ந்தேன்.