மேசைக் காத்தாடி யாருக்கு?

பிள்ளைகளோடு வேலை செய்ய மலேசியா போகிறேன் என்றதும் ஊரில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பெட்டி எத்தனை கிலோ இருக்கலாம், கருப்பட்டி கொண்டுபோக விடுவார்களா, ஆராதனைக்குச் சேலைதான் கட்ட வேண்டுமா என்று கேள்விக்குக் கேள்வி. திரும்பி வருவதைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்கவில்லை. விமானச் சீட்டு கையில் இருந்தால் அது தானாக நடந்துவிடும் என்று நினைப்பு. பிள்ளைகளோடு செய்கிற ஊழியத்தில் கிளம்புவதும் ஒரு வேலைதான், அதையும் முன்கூட்டியே திட்டம் போட்டுச் செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சுங்கை சிப்புட் என்ற ஊரில் பிள்ளைகள் இல்லத்தைப் பார்த்துக்கொண்ட மேட்ரன் ஆன்ட்டி.

சுங்கை சிப்புட் ஈப்போ நகருக்கு வடக்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது. வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் மலைகள் திடீர் திடீரென்று எழுந்து நிற்கும். 1948 ஜூன் 16 அன்று இந்த ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில்தான் மூன்று வெள்ளைக்காரத் துரைமாரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க ஆங்கிலேய அரசு மலாயாவில் அறிவித்த அவசரகாலம் பிறந்தது அதிலிருந்துதான். ஆன்ட்டியின் அப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையை, சுற்றி முள்கம்பி போட்டிருந்த அந்த நாள்களைப் பற்றி அவர் சொன்னதையெல்லாம் ஆன்ட்டி நேற்று நடந்தது போலச் சொல்வார். இப்போது ரப்பர் குறைந்து செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை பெருகிவிட்டது. தோட்டத்தில் வேலை செய்பவர்களில் பலர் வெளிநாட்டுக்காரர்கள். லயத்தில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் வளர்கிறார்கள். அப்பா லாரி ஓட்டுவார், அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் பார்ப்பார். பிள்ளைக்குப் பள்ளி விட்டதும் சோறு போட ஆள் இருக்காது. அங்கேதான் சபை நடத்தும் இல்லம் வருகிறது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அங்கேயே தங்குவார்கள். மற்றவர்கள் மதியம் வந்து, சாப்பிட்டு, டியூஷன் முடித்து, இருட்டுவதற்குள் வேனில் வீடு போவார்கள்.

என் வேலை அந்த மதிய நேரம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை கணக்கும் அறிவியலும் தமிழில் படிக்கிற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் முதல் வருடமான படிவம் ஒன்றுக்குப் போனதும் எல்லாவற்றையும் மலாயில் கேட்க வேண்டும். மலாய் போதாத பிள்ளைகள் நடுவில் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டியிருக்கும். 2021இல் ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யுபிஎஸ்ஆர் தேர்வை நீக்கிவிட்டார்கள், அடுத்த வருடமே படிவம் மூன்றில் எழுதும் பிடி3யும் போய்விட்டது. பிள்ளைகளுக்கு நிம்மதிதான். ஆனால் பின்தங்குகிற பிள்ளை படிவம் ஐந்தில் எழுதும் எஸ்பிஎம் தேர்வு வரும்வரை யார் கண்ணிலும் படாமலே போய்விடலாம் என்பது ஆன்ட்டியின் கவலை. அதனால் அங்கே வேதபாடத்தைவிட வாய்பாடு அதிகம் ஓடியது. தமிழ் வாசிப்பும் கணக்கும் என் பொறுப்பு. மலாய்க்கு உள்ளூர் ஆசிரியர் ஒருவர் வாரத்தில் சில நாள் வருவார். நான் அவர் வகுப்பில் கடைசி பெஞ்சு. என் உச்சரிப்பைக் கேட்டு மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. என் தமிழையும் அவர்கள் விடவில்லை. “அக்கா சினிமால பேசுற மாதிரியே பேசுறாங்க லா.”

பாதிக்கு மேல் இந்துப் பிள்ளைகள். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து, மறுநாள் சந்தனம் பூசிய தலையோடு என் எதிரில் உட்கார்ந்து பெருக்கல் போடுவார்கள். பெற்றோர் நம்பி அனுப்புகிற பிள்ளையின் தலையில் நம் விருப்பத்தை ஏற்றக் கூடாது என்பதில் போதகர் கறாராக இருந்தார். என் ஊர்ச் சபையில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

சரி, கிளம்பும் கதைக்கு வருகிறேன். நான் அங்கே தங்குவதற்குச் சபை எடுத்துக் கொடுத்த பாஸ் முடியும் தேதி எனக்கு முன்பே தெரியும். கடைசி வாரத்தில் சொன்னால் போதும், அதுவரை பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கட்டும் என்பது என் எண்ணம். ஆன்ட்டி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதத்துக்கு முன்பே சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த நாள்காட்டியில் தேதியை வட்டம் போடச் சொன்னார். பிள்ளைகள் பார்க்கப் பார்க்க, என் கையாலேயே.

“இன்னொண்ணும்மா. திரும்பி வருவேன்னு மட்டும் சொல்லிடாதே. சொல்றவங்க மறந்துடுவாங்க. இதுங்க மறக்காது. பஸ் சத்தம் கேட்டா எட்டிப் பார்க்கும்.”

தனியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு கூடாது. போன் நம்பர் கொடுக்கக் கூடாது, பேச வேண்டுமானால் இல்லத்துப் போனில் ஆன்ட்டி பக்கத்தில் இருக்கும்போது பேசலாம். முகம் தெரியும் படம் எதையும் எங்கேயும் போடக் கூடாது. எழுதி ஒட்டிய சட்டம் எதுவுமில்லை, பல பேரை வழியனுப்பிய அனுபவம்.

வட்டம் போட்ட அன்று சாயங்காலம் புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பொடிசுகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதன. ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் அழவில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்று, தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, நீங்க போனா அந்த மேசைக் காத்தாடி யாருக்கு?”

என் அறைக்கென்று நான் வாங்கி வைத்திருந்த நீல நிறக் காத்தாடி. பெண் பிள்ளைகள் படுக்கும் அறையில் கூரைக் காத்தாடி ஒன்று உண்டு. அதன் காற்று மேல்கட்டிலோடு நின்றுவிடும். இவள் கீழ்க்கட்டில். நியாயமான கேள்விதான். ஆனாலும் சுருக்கென்றது. தினமும் இவளுக்கு நான் தலை பின்னிவிட்டிருக்கிறேன்.

ஆன்ட்டியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அது ஆறு வயசுல வந்த புள்ள. கொரியாக்காரங்க வந்தாங்க, ஆஸ்திரேலியாவுல இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு, மெட்ராஸ்ல இருந்து புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. மொத ஆளு போனப்ப ரெண்டு நாள் சாப்பிடல. இப்ப காத்தாடி கேக்குது. இது நல்லதா கெட்டதான்னு எனக்கே தெரியல.”

அதற்குப் பிறகு பிள்ளைகளை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவது சுலபம். விலகிப் பழகிய பிள்ளையை என்ன செய்வது? ஒரு வாரத்துக்கு வந்து, பாட்டுக்கு நடனம் ஆடி, எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போகும் குழுக்கள் மேல் எனக்கு இப்போது நல்ல அபிப்பிராயம் இல்லை. சுவருக்குப் பெயின்ட் அடிக்கட்டும், கக்கூஸ் கதவைச் சரிசெய்யட்டும், ஆன்ட்டிக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுக்கட்டும். பிள்ளைகளின் பாசத்தை மட்டும் கேட்காமல் போகட்டும். நீயும் போகிறவள்தானே, எந்த முகத்தோடு இதைச் சொல்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், என்னிடம் முழுப் பதில் இல்லை.

பையன்கள் வேறு விதம். என் செருப்பு காணாமல் போனது. ரம்புத்தான் மரக்கிளையில் ஒன்று கிடைத்தது, மற்றொன்று அரிசி டின்னுக்குப் பின்னால். நான்காம் ஆண்டுப் பையன் ஒருவன் தெரிந்த கணக்கையெல்லாம் தப்பாகப் போட ஆரம்பித்தான். ஒன்பதாம் வாய்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்பவன், ஆறாறு முப்பத்திரண்டு என்றான். திட்டினால் தரையைப் பார்த்தான். ஆன்ட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “படிச்சு முடிக்கலன்னா நீ போக முடியாதுன்னு கணக்குப் போடுறான்,” என்றார். அவனை உட்காரவைத்து, “நீ தப்பாப் போட்டாலும் அக்கா அன்னைக்குக் கிளம்பத்தான் வேணும். அடுத்த வாரம் புது அக்கா வருவாங்க. அவங்க இந்த ஊர்க்காரங்க, இங்கேயே இருப்பாங்க,” என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாளும் முப்பத்திரண்டுதான்.

அந்தப் புது அக்கா ஈப்போவில் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெண். அவருக்காக ஒரு தடித்த நோட்டு போட்டேன். பிள்ளைக்கு ஒரு பக்கம். எந்த எழுத்தில் தடுமாறுவான், மலாய் எழுத்தைக் கூட்டிப் படிப்பாளா, மழைச் சத்தம் கேட்டால் யார் காதைப் பொத்திக்கொள்வார்கள், யாரை யார் பக்கத்தில் உட்கார வைத்தால் சண்டை வரும். ஒரு பக்கத்தில், ‘பாட்டி எண் மட்டும் தெரியும், அம்மாவைப் பற்றிக் கேட்க வேண்டாம்’ என்று ஒரே ஒரு வரி. இன்னொரு பக்கத்தில் பிறப்புச் சான்றிதழ் விவகாரம் எதுவரை வந்திருக்கிறது என்று எழுதினேன். பெற்றோர் திருமணத்தைப் பதியாததால் சிக்கலில் மாட்டும் பிள்ளைகள் அங்கே உண்டு. காகிதம் இல்லாமல் ஐசி என்கிற அடையாள அட்டை கிடைக்காது, ஐசி இல்லாமல் பின்னால் வேலை கிடைக்காது. அதற்காக ஆன்ட்டி பதிவிலாகாவுக்கு அலைந்த அலைச்சலை எழுதினால் தனி நோட்டு வேண்டும். நான் சொல்லிக்கொடுத்த பாட்டையெல்லாம்விட அந்த நோட்டுதான் உருப்படியான காரியம் என்று இன்றும் நினைக்கிறேன்.

கடைசிச் சனிக்கிழமை வேனில் எல்லாரையும் கோல கங்சாருக்குக் கூட்டிப்போனோம். 1877இல் அந்த ஊரில் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை, சாப்பிட லக்சா நூடுல்ஸ் எப்போது என்பதுதான் கேள்வி. ஆன்ட்டி மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிறு வயதில் அம்மாவோடு பால்மரம் வெட்டப் போனவர் அவர். வெயில் ஏறினால் பால் சரியாக இறங்காது என்று விடிவதற்கு முன்பே காட்டுக்குள் போய்விடுவார்களாம். வலது கையில் கத்தி இருப்பது போல வைத்துக்கொண்டு, காற்றில் மேலிருந்து சரிவாக ஒரு கோடு இழுத்துக் காட்டினார். பட்டை காசு கனம்கூட வரக் கூடாது, ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மணிக்கட்டு அசையவில்லை, உடம்பு முழுக்கப் பின்னால் நகர்ந்தது. காத்தாடிக்காரப் பெண் லக்சாவை மறந்துவிட்டு அதையே பார்த்தாள். பிறகு தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். “ஆழமாப் போச்சு,” என்றார் ஆன்ட்டி.

பிரிவுபசாரம் ஞாயிறு ஆராதனை முடிந்து நடந்தது. பொன்னாடை, மீ கோரிங், கேக், ஜெபம், நீண்ட பேச்சுகள். பெரியவர்கள் அழுதார்கள், நானும் அழுதேன். பிள்ளைகளுக்குக் கேக் எப்போது வெட்டுவார்கள் என்பதில்தான் கண். அவர்கள் தங்கள் பங்கை அதற்கு முந்தைய வாரங்களிலேயே முடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். காத்தாடியை ஆன்ட்டி பெயரில் விட்டுவிட்டேன். கீழ்க்கட்டில்காரர்களுக்கு முறை வைத்துக் கொடுப்பதாகச் சொன்னார். வார நாளில், பிள்ளைகள் பள்ளிக்குப் போனபின் கிளம்பினேன். வாசலில் வரிசையாக நிற்க வைத்துக் கையசைக்கச் சொல்லும் காட்சி வேண்டாம் என்பதிலும் ஆன்ட்டி உறுதியாக இருந்தார். வேன் அங்கிள் பேருந்து நிலையம்வரை கொண்டுவிட்டார். வழியில் கட்டங்காப்பி வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஊருக்கு வந்ததும் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். படங்கள் கேட்டார்கள். எத்தனை ஆத்துமாவை விசுவாசத்துக்குள் கொண்டுவந்தாய் என்றுகூட ஒருவர் கேட்டார். எங்கள் பக்கம் மிஷன் காணிக்கை பழைய வழக்கம். இந்திய மிஷனெரி சங்கமே 1903இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்ததுதான். காசு கொடுப்பவர்கள் கணக்குக் கேட்பது தவறில்லை. நான் கட்டடத்தின் படத்தையும் நோட்டின் அட்டைப் படத்தையும் காட்டிவிட்டு, ஆன்ட்டிக்கு உதவியாக இன்னொரு சம்பள ஆள் வேண்டும், அதற்குக் காணிக்கை அனுப்புங்கள், அடுத்த தன்னார்வலரை அனுப்ப அவசரப்படாதீர்கள் என்றேன். கூட்டத்தில் பாதிப் பேருக்கு ஏமாற்றம்.

சில வாரம் கழித்து இல்லத்துப் போனிலிருந்து புது ஆசிரியையின் வாட்ஸ்அப் செய்தி வந்தது. நான்காம் ஆண்டுப் பையன் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். ‘அக்கா, ஒன்பதாம் வாய்பாடு தெரியும்னு எழுதியிருக்கீங்க. இவன் ஆறுலயே நிக்கிறான். முதல்ல இருந்து ஆரம்பிக்கவா?’

‘வேண்டாம். அவனுக்கு எல்லாம் தெரியும். நீங்க இருக்கீங்களா போறீங்களான்னு பார்க்கிறான். பன்னிரண்டாம் வாய்பாட்டை ஆரம்பிங்க’ என்று பதில் போட்டேன்.